பன்னாடையில் தங்கியது

(கடப்பாக்கத்தில் ஒரு சித்திரை மாத மாலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நோட்டீஸ் அடிப்பதற்காக, "என்ன தலைப்பு சார்?" என்று கேட்டார் இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பி. "ஈ" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு தயங்கித் தயங்கி, "சார், கூட்டம் வரணுமே. கடைசியில நாமளே உட்கார்ந்து ஈ ஓட்டுற மாதிரி ஆயிடக் கூடாதே" என்றார். தம்பி, திரும்பிப் பாருங்கள். நாற்காலி எல்லாம் நிறைந்திருக்கிறது. ஈக்கு இவ்வளவு கூட்டமா? ஆமாம், ஈக்குத்தான்!

நான் பேச வந்தது சாப்பாட்டில் உட்காரும் வீட்டு ஈயைப் பற்றி அல்ல. அதைவிட மிகச் சின்னது. எள் அளவுதான் இருக்கும். மூன்று மில்லிமீட்டரைத் தாண்டாது. உடம்பு வெளிர்ப் பழுப்பு. கண் இரண்டும் செக்கச் சிவப்பு. வாழைத்தார் கனிந்து கறுத்தால் அங்கே இருக்கும். கரும்புச்சாறு கடையில் சக்கை குவித்த கூடையில் இருக்கும். கள்ளுக் கலயத்தில் இருக்கும். மரத்தில் புண் ஏற்பட்டு சாறு வடிந்து புளித்தால், யாரும் சொல்லி அனுப்பாமலேயே அங்கேயும் வந்து நிற்கும். வந்து நிற்பது மட்டுமா? அங்கேயே முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குடும்பம் நடத்தும்.

தன் பேரை மறந்துபோன ஈயின் கதையை உங்கள் பாட்டிகள் சொல்லியிருப்பார்கள். கன்றைக் கேட்கும், பசுவைக் கேட்கும், மேய்ப்பனைக் கேட்கும், கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில் குதிரை கனைக்கும்போது அதற்குத் தன் பேர் நினைவுக்கு வரும். இந்தப் பொடி ஈயின் கதையும் அதுதான். பள்ளிப் பாடத்தில் இதற்குப் பழ ஈ என்று பேர். அது தப்பான பேர். மாம்பழத்தை அறுத்தால் உள்ளே நெளிகிற புழுவைப் பார்த்திருப்பீர்கள். அதன் தாய்தான் உண்மையான பழ ஈ. அது நல்ல காயைத் துளைத்து முட்டையிடும். நம் ஈ நல்ல பழத்தைத் தொடவே தொடாது. விஞ்ஞானிகள் வைத்த பேர் 'டிரோசோஃபிலா'. கிரேக்க மொழியில் பனித்துளியை நேசிப்பது என்று அர்த்தம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நேசிப்பது பனித்துளியை அல்ல என்பது நம் ஊர்ப் பனையேறிகளுக்குத் தெரியும். அவர்கள் கள்ளு ஈ என்றார்கள். எனக்கு அந்தப் பேர்தான் பிடித்திருக்கிறது.

மேஜை மேல் துணி கட்டி ஒரு பாட்டில் வைத்திருக்கிறேனே, அது குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் இல்லை. ஊறுகாய் பாட்டில். உள்ளே இருப்பது மசித்த வாழைப்பழம். பத்து நாளுக்கு முன் வாயைத் திறந்து தோட்டத்தில் வைத்தேன். ஒரு பொழுது கழித்து, வந்த ஈக்களை விரட்டிவிட்டு, வேட்டித் துணியால் கட்டிவிட்டேன். பதநீரை ஊற்றி வைத்திருக்கலாம். ஆனால் சாயங்காலத்துக்குள் அது சட்டத்துக்கு விரோதமாகியிருக்கும். நானும் இங்கே வந்திருக்க மாட்டேன். பாட்டில் அப்படியே இருக்கட்டும். கடைசியில் பார்ப்போம்.

முதலில் உங்களை ஒரு வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

"வேப்பமரத்தில் பால் வடியும் அதிசயம்" என்று நாளிதழில் படம் போட்டுச் செய்தி வருமே, பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு ஊரில் இருந்து அடிக்கடி அப்படி ஒரு செய்தி வந்துகொண்டே இருக்கும். சில வருஷங்களுக்கு முன் நம் பக்கத்தில் ஒரு கிராமத்திலும் வடிந்தது. என்னிடம் படித்த பையன் ஓடி வந்து, "சார், மரத்துல நுரை நுரையா பால் ஊத்துது சார், ஆத்தா வந்துட்டான்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். நான் போய்ச் சேருவதற்குள் மரத்துக்கு மஞ்சள் புடவை கட்டியாகிவிட்டது. பொட்டு வைத்தாகிவிட்டது. ஒரு பாட்டி எனக்கும் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, "கண்ணுல ஒத்திக்கினு குடிச்சிடுப்பா" என்றார். குடித்தேன். இனிப்பு! வேம்பில் இனிப்பு! அந்தப் பாட்டி அதிசயம் என்று சொன்னதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

சாமி கும்பிட்டவர்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. எல்லாரும் மரத்தைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் வீட்டுக்குப் போகாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

கிளை இரண்டாகப் பிரியும் கவட்டையில் பட்டை வெடித்திருந்தது. அங்கிருந்து சோப்பு நுரை போல வெள்ளையாகக் கசிந்து, அடிமரம் வரைக்கும் ஈரக்கோடு போட்டிருந்தது. முதல் நாள் வாசனை இளநீர் போல. எறும்பும் தேனீயும்தான் வந்திருந்தன. மூன்றாம் நாள் போனேன். வாசனை மாறிவிட்டது. எந்த வாசனை என்று இந்த ஊர் ஆண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூட்டமும் மாறிவிட்டது. மரத்தடியில் மனிதக் கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. கவட்டையில் பொடி ஈக் கூட்டம் பத்து மடங்காகியிருந்தது. ஒரு வாரம் கழித்துப் போனேன். பக்தர்கள் யாரும் இல்லை. மஞ்சள் புடவை வெயிலில் வெளிறிக் கிடந்தது. காடி வாசனை மூக்கைத் துளைத்தது. நுரை வற்றி, கஞ்சி காய்ந்த மாதிரி பழுப்பாக ஒரு பசை. ஏணி வைத்து ஏறி, பூதக்கண்ணாடி வழியாக அந்தப் பசையைப் பார்த்தேன். அசைந்தது! பசையே அசைந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் புழு. அரிசி நொய்யில் பாதி இருக்கும் வெள்ளைப் புழுக்கள், தலையைப் பசைக்குள் புதைத்துக்கொண்டு, பின்பக்கத்தை மட்டும் காற்றுக்கு நீட்டிக்கொண்டிருந்தன.

ஏன் பின்பக்கத்தை நீட்டின? அங்கேதான் அதற்கு மூச்சுத் துளை. வாய்க்குச் சோறு கீழே, மூச்சுக்குக் காற்று மேலே. நம்மால் முடியுமா? புழுவை விடுங்கள், முட்டையைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் முட்டை. அதன் முதுகில் துடுப்பு போல இரண்டு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். சாற்றில் முட்டை மூழ்கினாலும் இழையின் நுனி வெளியே நிற்கும். அது வழியாக முட்டை மூச்சு விடும். சாற்றோரத்தில் வாழும் ஈக்களில் இன்னொரு குடும்பம் உண்டு. ஐரோப்பாவில் ஓக், எல்ம் மரப் புண்களில் வளர்வது. அதன் புழுவுக்குப் பின்னால் நீண்டு சுருங்கும் குழலே இருக்கிறது. முத்துக்குளிக்கிறவன் வாயில் குழாய் வைத்தால் எப்படியோ, அப்படி.

சரி, அந்தப் பால் எங்கிருந்து வந்தது? மரத்துக்குள் ஓடுகிற சாற்றில் சர்க்கரை இருக்கிறது. முறிந்த கிளை வழியாக, ஆணி அடித்த ஓட்டை வழியாக, வெடித்த பட்டை வழியாக நுண்ணுயிர்கள் உள்ளே புகுகின்றன. சாறு உள்ளேயே புளிக்கத் தொடங்குகிறது, வாயு சேர்கிறது, அழுத்தம் கூடுகிறது. சோடா பாட்டிலைக் குலுக்கினால் என்ன ஆகும்? பலவீனமான இடத்தில் பீறிட்டு வரும். நுரை அதனால்தான். இந்தச் சாற்றை வேப்பங்கள் என்று சொல்லி மருந்தாகக் குடித்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்து மூலிகை நூல்களிலேயே அது பதிவாகியிருக்கிறது. பாட்டி எனக்குக் கொடுத்த இரண்டு சொட்டுக்கும் அப்படி ஒரு பரம்பரை இருந்திருக்கிறது.

கூட்டமும் வாசனையும் இரண்டு தரம் மாறியதைச் சொன்னேன் அல்லவா? அங்கேதான் நடக்கிறது நாடகம். முதல் காட்சியில் சர்க்கரை. இரண்டாம் காட்சியில் ஈஸ்ட் வந்து சர்க்கரையைச் சாராயம் ஆக்குகிறது. மூன்றாம் காட்சியில் பாக்டீரியா வந்து சாராயத்தைக் காடி ஆக்குகிறது. கள்ளுப் பானைக்குள் நடப்பதும் இதே நாடகம்தான். பானைக்குப் பதிலாக இங்கே மரம்.

கேள்வி என்னவென்றால், ஈஸ்ட் அங்கே எப்படி வந்தது? அதற்குக் கால் இல்லை, இறக்கை இல்லை. காற்று சிலதைக் கொண்டுபோகும். ஆனால் நிச்சயமாக இன்னொரு மரப் புண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் அதற்கு வண்டி வேண்டும். அந்த வண்டிதான் நம் ஈ. ஈஸ்ட் புளிக்கும்போது பழ வாசனை கிளம்புகிறது இல்லையா? அந்த வாசனையை ஈஸ்ட் சும்மா ஒன்றும் விடவில்லை. பெல்ஜியத்தில் லூவன் நகர விஞ்ஞானிகள் 2014-இல் அந்த வாசனையை உண்டாக்கும் ஒரே ஒரு மரபணுவை ஈஸ்டிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். ஈக்கள் அந்தப் பக்கம் வருவது குறைந்தது. ஈஸ்ட் பரவுவதும் குறைந்தது. ஈஸ்டுக்கு வண்டி கிடைக்கிறது. ஈக்கு என்ன கிடைக்கிறது? சோறு கிடைக்கிறது! புழு தின்பது பழத்தையும் மரத்தையும் அல்ல, பெரும்பாலும் ஈஸ்டைத்தான். பழம் வெறும் வாழை இலை, சோறு ஈஸ்ட். இலையை வைத்து ஈக்குப் பேர் வைத்தவர்களை என்ன சொல்வது?

இந்தச் சாராயத்தில் புழு எப்படிப் பிழைக்கிறது என்று கேட்பீர்கள். அதை முறிக்கும் சரக்கு அதன் உடம்பிலேயே இருக்கிறது. பிழைப்பது மட்டுமில்லை, மருந்தாகவும் அதைப் பயன்படுத்துகிறது. மிகப் பொடியான குளவி ஒன்று உண்டு. அது ஈப்புழுவின் உடம்புக்குள் முட்டை வைத்துவிடும். குளவிக் குஞ்சு உள்ளேயே தின்று வளரும். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தார் 2012-இல் பார்த்தார்கள்: குளவி முட்டை வைத்த புழு, சாராயம் அதிகம் உள்ள இடத்தைத் தேடி ஊர்ந்து போகிறது. சாராயம் புழுவை அவ்வளவாகப் பாதிக்காது. உள்ளே இருக்கும் குளவிக் குஞ்சைக் கொன்றுவிடும். அதே வருஷம் கலிபோர்னியாவில் இன்னொரு ஆய்வு வந்தது. பெண் ஈ ஒதுக்கித் தள்ளிய ஆண் ஈ, மற்ற ஆண் ஈக்களைவிடச் சாராயம் கலந்த தீனியை அதிகம் குடிக்கிறதாம். பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். நான் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

இனி நம் ஊர்ப் பனைக்கு வருவோம். பனையில் பாளையைச் சீவுவதும் ஒரு புண்தான். மனிதன் வேண்டுமென்றே போடுகிற புண். காலை மாலை ஏறி, பாளை நுனியை மெல்லிசாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார்கள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் கள். நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான்! சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் வேலை செய்யாது. எழுபது வயதுப் பனையேறி ஒருவரிடம், "ஐயா, சுண்ணாம்பு போதுமா போதாதா என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவர் கலயத்தின் வாயைக் காட்டினார். "தேனீ வந்தா பயமில்ல சார், அது இனிப்புக்கு வருது. இந்தப் பொடி ஈ மொச்சிதுன்னு வச்சிக்கோ, உள்ள வேலை ஆரம்பிச்சிடுச்சி. வாய்ல ஊத்திப் பாக்க வாணாம்" என்றார். ஆய்வுக்கூடத்தில் கருவி வைத்துச் சொல்வதை அவர் ஈயை வைத்துச் சொன்னார். 1987-இல் இருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. அந்தத் தடை சரியா தப்பா என்று பேச இது மேடை அல்ல. ஆனால் தடை மனிதனுக்குத்தான். அணில் பாளையைக் கடித்தால் அங்கே கள். காற்றில் மட்டை பாளையைக் கிழித்தால் அங்கே கள். ஈக்கு யார் தடை போடுவது?

இறக்கிய கள்ளையும் பதநீரையும் எதில் வடிகட்டுவார்கள்? பன்னாடையில். மட்டையின் அடியில் மரத்தோடு ஒட்டி, சல்லடைத் துணி மாதிரி பின்னிக் கிடக்குமே, அதில். வாத்தியார் திட்டினாலும் அப்பா திட்டினாலும் முதலில் வாயில் வருகிற சொல் அது. திட்டு வந்த வழி உங்களுக்குத் தெரியுமா? மாணவர்களைத் தரம் பிரிக்கிற நன்னூல், கடைசித் தர மாணவனுக்கு உவமையாக நெய்யரியைச் சொல்கிறது. நெய்யரி என்றால் பன்னாடை. நல்லதைக் கீழே விட்டுவிடும். கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்று மாலை மட்டும் நான் அந்தக் கடைசித் தர மாணவனாக இருந்துவிட்டுப் போகிறேன். கள் போகட்டும். பன்னாடையில் தங்கிய ஈ எனக்குப் போதும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. அதை நீங்களே அதிகம் சொல்லிக்கொள்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன். பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் யார்? இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். உங்கள் பேரூராட்சிப் பலகையில் இன்றும் எழுதியிருக்கிறதே, அதே இடைக்கழிநாடு. ஒருபுறம் கடல், மறுபுறம் கழி. நல்லியக்கோடன் என்ற அரசனைப் பார்க்கப் போகும் பாணர்களுக்கு அவர் வழி சொல்கிறார். எயிற்பட்டினத்துக்குப் போங்கள் என்கிறார். மரக்காணம் பக்கம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரக்கட்டைகள் படுத்துத் தூங்கும் ஒட்டகம் போலக் கிடக்குமாம். அதை விறகாக்கித் தேறல் என்னும் கள் சமைப்பார்களாம். மீனவப் பெண் அரித்த அதை மீனவர்கள் தருவார்களாம். சுட்ட குழல் மீனும் கிடைக்குமாம். அரித்து! அந்தச் சொல்லைக் கவனியுங்கள். புலவர் சும்மா தேறல் கொடுப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவள் அரித்த தேறல் என்கிறார். எதை அரித்தாள்? கசடைத்தான். கசடோடு சேர்ந்து மிதந்தது எது என்று கள்ளுப்பானையை எட்டிப் பார்த்த எவனும் சொல்வான். பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய அந்த வடிகட்டியில் நம் ஈ ஒட்டிக்கொண்டிருந்தது என்பது என் துணிபு. புலவர் அதைப் பாடவில்லை. பாடாவிட்டால் என்ன, நான் பேசிவிட்டேன்!

கள்ளுப்பானையில் கிடந்த ஈ நோபல் பரிசு மேடை வரைக்கும் ஏறியது. அந்தக் கதையை மாணவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஈயடிச்சான் காப்பி தெரியுமா? பழைய கணக்குப் புத்தகத்தை அப்படியே நகல் எடுக்கச் சொன்னார்கள் ஒரு குமாஸ்தாவிடம். மூலத்தில் ஒரு பக்கத்தில் ஈ நசுங்கி ஒட்டியிருந்தது. அவர் ஒரு ஈயைப் பிடித்து, அடித்து, நகலிலும் அதே இடத்தில் ஒட்டினார். உயிர்கள் பிள்ளை பெறுவதும் ஈயடிச்சான் காப்பிதான். அப்பன் மூக்கு அப்படியே பிள்ளைக்கு வரும். ஆனால் எப்போதாவது குமாஸ்தா தூங்கிவிடுவார். நகலில் ஒரு எழுத்து பிசகும். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் என்ற பேராசிரியர் ஒரு சின்ன அறையில், பால் பாட்டில்களில் வாழைப்பழம் போட்டு இந்த ஈயை வளர்த்தார். இதோ என் ஊறுகாய் பாட்டில் மாதிரியே! எல்லா ஈக்கும் சிவப்புக் கண். 1910-இல் ஒரு நாள், ஒரே ஒரு ஆண் ஈக்கு வெள்ளைக் கண். குமாஸ்தா தூங்கிய இடம் அகப்பட்டுவிட்டது! அந்த வெள்ளைக் கண்ணின் பேரன் பேத்திகளை எண்ணி எண்ணி, குணங்கள் குரோமோசோமில் ஏறி வருகின்றன என்று நிரூபித்தார். 1933-இல் நோபல் பரிசு.

ஏன் இந்த ஈ? யானையை வைத்து இதைச் செய்ய முடியுமா? முட்டை ஈயாவதற்குப் பத்து நாள் போதும். ஒரு தாய் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வருஷத்துக்கு முப்பது தலைமுறை பார்த்துவிடலாம். மனிதனில் முப்பது தலைமுறை பார்க்க வேண்டுமானால், தொண்டை மண்டலத்தைச் சம்புவராயர்கள் ஆண்ட காலத்திலேயே நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் பரிசுகள் வரிசையாக வந்தன. எக்ஸ் கதிர் மரபணுவை மாற்றும் என்று இந்த ஈயில் காட்டிய முல்லருக்கு 1946-இல். கருவில் தலை எங்கே வால் எங்கே என்று எப்படித் தீர்மானமாகிறது என்று காட்டிய மூவருக்கு 1995-இல். உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைக் கண்ட மூவருக்கு 2017-இல். நடுவில் 1947-இல், மனிதனுக்கும் நாய்க்கும் முன்னால், ராக்கெட் ஏறி விண்வெளி எல்லைக்குப் போய்ப் பாராசூட்டில் உயிரோடு இறங்கியதும் இந்த ஈதான். 2024-இல் இதன் மூளையில் உள்ள 1,39,255 நரம்புச் செல்களையும் ஒன்று விடாமல் வரைபடமாக்கிவிட்டார்கள். எள்ளளவு உடம்புக்குள் ஒரு கடுகுத் துணுக்கு மூளை. அதில் இத்தனை.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு பெரிய மனிதர் வாழ்நாளைக் கொடுத்தார். ஒபைத் சித்திகி. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தவர்; பிறகு பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை உருவாக்கியவர். சூடு ஏறினால் வாதம் வந்தது போல விழுந்து, சூடு தணிந்தால் எழுந்து நடக்கிற ஈக்களை வைத்து நரம்பில் மின்சாரம் ஓடும் ரகசியத்தைத் தேடினார். பிறகு அவரும் அவர் மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸும் ஈ எப்படி ருசிக்கிறது, எப்படி முகர்கிறது என்று பார்த்தார்கள். கள்ளு வாசனையை ஈ எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்வி பனையேறியின் கேள்வி. பம்பாயில் அதற்கு ஓர் ஆய்வுக்கூடமே இருந்தது.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வாழைப்பழத்தில் வளர்ந்த ஈயைப் பற்றி உலகத்துக்கு எல்லாம் தெரியும். ஆனால் காட்டில் அது எங்கே பிறக்கிறது? அமெரிக்காவில் டோப்ஜான்ஸ்கி என்ற மேதை கலிபோர்னியா மலைக்காடுகளில் இதன் உறவுக்கார ஈயை வாழைப்பழப் பொறி வைத்துப் பிடித்துப் பிடித்து ஆராய்ந்தார். பரிணாமத்தைப் பற்றிப் பெரிய பெரிய உண்மைகள் எழுதினார். அந்த ஈ எந்த வீட்டில் பிறந்து பொறிக்கு வந்தது என்பது மட்டும் புதிராகவே இருந்தது. 1951-இல் ஹாம்ப்டன் கார்சன் சியரா நெவாடா மலையில் ஒரு பதிலைச் சொன்னார். ஓக் மரப் புண்ணில் வடியும் புளித்த சாற்றில்! பெரிய ஆய்வுக்கூடத்துக்கு விடை கிடைக்காத கேள்விக்கு மரப் புண் பதில் வைத்திருந்தது. பிற்பாடு அதே கார்சன் ஹவாய்த் தீவுகளுக்குப் போய் ஆராய்ந்தார். அங்கே இந்தக் குடும்பத்தில் ஐந்நூறுக்கு மேல் இனங்கள். அவற்றிலும் சில மரச்சாறு வடியும் இடத்தையே தொட்டிலாக வைத்திருக்கின்றன.

ஆகவே, மரப் புண்ணுக்கே திரும்ப வருகிறேன். என் பேச்சின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில் கரை ஏறியது. அந்த ராத்திரியை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். விழுந்த மரத்தை எல்லாம் எண்ணினோம். விழாத மரத்துக்கு என்ன ஆச்சு என்று எண்ணினோமா? கிளை முறிந்த வேம்பு, மட்டை கிழிந்த தென்னை, ஒன்றோடொன்று உரசிப் பட்டை உரிந்த மரங்கள். நின்றுகொண்டிருக்கின்றன, அதனால் நன்றாக இருக்கின்றன என்று நினைத்தோம். அடுத்த வருஷம் என் தென்னையில் ஒன்று, இடுப்பளவு உயரத்தில், செம்பழுப்பாக ஒரு சொட்டு வடித்தது. துருப்பிடித்த தண்ணீர் வழிந்த மாதிரி இருந்தது. நான் கவனிக்கவே இல்லை. யார் கவனித்தது? ஈ! ஒரு நாள் காலையில் அந்த இடத்தில் பொடி ஈக்கள் சுற்றிச் சுற்றி வந்தன. பட்டையைத் தட்டிப் பார்த்தால் உள்ளே பொத்தென்று சத்தம்.

தென்னை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அது சாறு வடிதல் நோய். ஒரு பூஞ்சணம் உள்ளே திசுவை அழுகச் செய்துகொண்டிருக்கும். வேளாண்மைத் துறையார் சொல்வது: கெட்ட பகுதியை உளியால் செதுக்கி எடுங்கள், செதுக்கியதை எரியுங்கள், புண்ணில் போர்டோ பசை பூசுங்கள், வேருக்கு வேப்பம்புண்ணாக்கு வையுங்கள். செய்தேன். மரம் இன்றும் காய்க்கிறது. கொஞ்சம் தாமதித்திருந்தால்? புளித்த வாசனை பொடி ஈயை மட்டும் கூப்பிடாது. சிவப்புக் கூன்வண்டையும் கூப்பிடும். அது புண்ணில் முட்டை வைத்தால், உள்ளே இருந்து தின்று கொண்டையைச் சாய்த்துவிட்டுத்தான் வெளியே வரும். அதே வாசனையைக் கரும்புச்சாறும் ஈஸ்டும் கலந்து வாளிப் பொறியில் வைத்து அந்த வண்டைப் பிடிக்கவும் செய்கிறார்கள்.

ஈ புண்ணை உண்டாக்குவதில்லை. அதற்கு மரத்தைத் துளைக்கும் வாயே கிடையாது. புண் இருக்கிற இடத்தை அது நமக்கு முன்னால் கண்டுபிடிக்கிறது, அவ்வளவுதான். அதற்காக ஈக்கு மஞ்சள் புடவை கட்டச் சொல்லவில்லை. அதன் காலில் ஈஸ்ட் ஒட்டிக்கொண்டு போவது போலப் பூஞ்சண விதையும் ஒட்டிக்கொண்டு போகும். ஒரு மரத்து நோயை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகவும் செய்யும். நல்லது கெட்டது பார்க்காத தபால்காரன். ஆனால் தபால்காரன் நம் வீட்டுத் திண்ணையில் வந்து நிற்கும்போது, கடிதத்தை வாங்கிப் பார்க்காமல் அவனை விரட்டினால் எப்படி? ஈ மொய்க்கிற மரத்தைப் பார்த்தால் இனிமேல் துணியை எடுத்து விசிறாதீர்கள். கிட்டே போங்கள். எந்த இடத்தில் மொய்க்கிறது என்று பாருங்கள். முகர்ந்து பாருங்கள். இனிப்பா, கள்ளா, காடியா? அந்த வேப்பமரத்தில் பால் வடிந்த மூன்றாம் நாள் யாராவது கவட்டையைச் சுத்தம் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செய்யவில்லை. நானும் செய்யவில்லை, புழுவை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு மழைக்கு அப்புறம் அந்தக் கிளை முறிந்து விழுந்தது. மஞ்சள் புடவையோடு விழுந்தது.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாட்டிலுக்கு வருகிறேன்.

முன்வரிசைப் பிள்ளைகளே, நான் பேச ஆரம்பித்தபோது இதன் கண்ணாடிச் சுவரில் கூடுகள் மட்டும் ஒட்டியிருந்தன. பழுப்பாக, அரிசி நொய் மாதிரி. இந்த மேடை விளக்குச் சூடு அதற்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. இதோ பாருங்கள், ஒன்று வெளியே வந்து நிற்கிறது. இறக்கை இன்னும் விரியவில்லை. ஈரக் காகிதம் கசங்கின மாதிரி முதுகில் மடங்கிக் கிடக்கிறது. உடம்பு வெளுத்திருக்கிறது. அடுத்த கூட்டில் கண் மட்டும் சிவப்பாகத் தெரிகிறது, உள்ளே இருந்து. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவும் முட்டிக்கொண்டு வரும். என்னிடம் லென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் முதலில் வாருங்கள், தள்ளாமல் வாருங்கள். துணியை மட்டும் யாரும் அவிழ்க்காதீர்கள்.